கடல் தெரியும் அறை

கோவளத்தில் இரண்டு நாள் தங்கினால் அலையும் காற்றும் கிடைக்கும். கொஞ்சம் நடந்தால் ஆயிரம் ஆண்டுச் சரித்திரமும், இந்தக் கரை யாருக்கு என்ற முடியாத வழக்கும் எதிர்ப்படும்.

காலை ஆறரை மணி. கோவளம் கடற்கரையில் வாடகைக் குடைகள் இன்னும் விரியவில்லை. சாய்வு நாற்காலிகள் அடுக்கிக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. மணலில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று கயிறு இழுக்கிறார்கள். கயிறுகளின் மறுமுனை கண்ணுக்கெட்டாத தூரத்தில், கடலுக்குள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடி, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடக்கிறார்கள். வலை நெருங்க நெருங்க இரு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன.

இதற்குப் பெயர் கரமடி. சோழமண்டலக் கரையில் கரைவலை என்போம். படகு ஒன்று வலையைக் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டுத் திரும்பும். மற்ற வேலை முழுவதும் கரையில். அதற்கு நீளமான, பாறையில்லாத, யாரும் குறுக்கே உட்காராத மணல் வேண்டும்.

ஓட்டல் பால்கனிகளில் செல்போன்கள் உயர்கின்றன. ஒரு வடஇந்தியக் குடும்பம் இறங்கிவந்து தானும் கயிற்றைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து வலை கரையேறுகிறது. கொஞ்சம் நெத்திலி, கொஞ்சம் சாளை, நிறையப் பிளாஸ்டிக் குப்பை. அங்கேயே ஏலம், அங்கேயே பங்கு. எட்டரை மணிக்கு வலையைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு அவர்கள் போய்விட, குடைக்காரர்கள் வருகிறார்கள். ஒரே மணலில் இரண்டு ஷிப்ட்.

இரண்டு நாள் விடுமுறைக்கு வந்த நான், கடலைப் பார்ப்பதற்குப் பதில் கரையைப் பார்க்கத் தொடங்கியது இந்தக் காலையில்தான்.

சீசன் யாருக்கு?

கோவளம் என்றால் சென்னைக்காரர் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கைகாட்டுவார். குமரி மாவட்டத்தாருக்கு அது கன்னியாகுமரிக்குப் பக்கத்து ஊர். உலகப் புகழ் பெற்றது மூன்றாவது கோவளம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் சுமார் 15 கிலோமீட்டர். நாகர்கோவில் பக்கமிருந்து வருகிறவர்கள் பாலராமபுரத்தில் திரும்பி, விழிஞம் சாலை வழியாகவே வந்துவிடலாம்.

பாறை முனைகள் பிரித்துவைத்த மூன்று கடற்கரைகள்: கலங்கரை விளக்கக் கடற்கரை, ஹவ்வா கடற்கரை, சமுத்ரா கடற்கரை. 1970களில் ஹிப்பிகள் கண்டுபிடித்த மீனவக் குப்பம் இது என்று வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதும். ஏற்கெனவே மக்கள் வாழும் ஊரை எப்படிக் 'கண்டுபிடிப்பது' என்று அவை விளக்குவதில்லை. ஹிப்பிகளுக்குப் பின் ஐரோப்பாவில் இருந்து தனி விமானங்களில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பிறகு உள்நாட்டுப் பயணிகள், ஆயுர்வேத எண்ணெய்க் குளியல், காஷ்மீர்க் கம்பளக் கடைகள்.

நவம்பர் முதல் மார்ச் வரை ஓட்டல்காரர்களுக்கு சீசன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கடல் பொங்கி மணலைத் தின்னும். அறை வாடகை சரியும். அதே நேரத்தில்தான் பக்கத்து விழிஞத்தில் மீனவர் சீசன் ஆரம்பமாகிறது. மற்ற கரைகளில் படகு இறக்க முடியாத அந்த மாதங்களில், மலைமுனை மறைவில் இருக்கும் விழிஞம் துறைமுகத்துக்குச் சுற்றுவட்டாரக் குப்பங்களில் இருந்தெல்லாம் படகுகள் வந்து சேரும். மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பஞ்சாங்கங்கள். சுற்றுலா விளம்பரத்தில் அச்சாவது ஒன்று மட்டுமே.

மலைமேல் ஒரு வழக்கு

கோவளத்தின் ஓட்டல் சரித்திரம் ஒரு அரண்மனையில் தொடங்குகிறது. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்ட ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாய். அவர் கணவர் ராமவர்மா வலிய கோயில் தம்புரான் 1932இல் கடலை நோக்கிய குன்றின்மேல் ஒரு மாளிகை கட்டினார். பெயர் ஹால்சியன் கேசில். ராஜகுடும்பத்தின் கோடை வாசஸ்தலம். சமஸ்தானங்கள் மறைந்தபின், 1960களில் மாளிகை அரசின் கைக்கு வந்தது.

அடுத்து வந்தது இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம். அந்நியச் செலாவணி தேடிய காலம் அது. சபர்மதி ஆசிரமத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை வடிவமைத்த சார்லஸ் கொரியாவிடம் கோவளத்தில் ஓட்டல் கட்டும் வேலை ஒப்படைக்கப்பட்டது. குன்றின் தலையில் கோபுரம்போலக் கட்டிடத்தை நிறுத்தாமல், சரிவிலேயே படிப்படியாக அறைகளைப் பதித்தார் கொரியா. ஒவ்வொரு அறைக்கும் கடலைப் பார்த்த திறந்த தளம் கிடைத்தது. குன்றின் உருவமும் சிதையவில்லை. 1970களின் முதல் பாதியில் திறக்கப்பட்ட கோவளம் அசோக், கட்டிடக்கலை மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம்.

பாடத்தில் இல்லாத பகுதி அடுத்தது. பொதுத்துறை ஓட்டல்களை விற்கும் கொள்கையின்படி 2002இல் மத்திய அரசு கோவளம் அசோக்கை எம்ஃபார் நிறுவனத்துக்கு விற்றது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அது லீலா குழுமத்தின் கைக்கு மாறியது. 2011இல் லீலா அதைத் தொழிலதிபர் ரவி பிள்ளையின் குழுமத்துக்கு 500 கோடி ரூபாய்க்கு விற்றது. பத்தாண்டுக்குள் மூன்று உரிமையாளர்கள்.

ஓட்டலை விற்கலாம், அதோடு சேர்ந்த அரண்மனையையும் விற்க யாருக்கு உரிமை? கேரள அரசு எழுப்பிய கேள்வி இது. 2004இல் அரண்மனையைத் திரும்ப எடுக்க உத்தரவு, 2005இல் அதற்கென்றே தனிச் சட்டம், 2011இல் அந்தச் சட்டத்தை ரத்துசெய்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2016இல் உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி. கடைசியில் 2017 ஜூலையில், சிவில் நீதிமன்றத்தில் உரிமை கோரும் வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அரண்மனையை ரவி பிள்ளை குழுமத்திடம் ஒப்படைக்க பினராயி விஜயன் அமைச்சரவை முடிவெடுத்தது. ஆளும் கட்சியின் மூத்த தலைவர் வி.எஸ்.அச்சுதானந்தனே அதை வெளிப்படையாக எதிர்த்தார்.

ராஜகுடும்பம், மாநில அரசு, மத்திய அரசு, கம்பெனிகள். இவ்வளவு பேர் வாதாடிய இந்த வழக்கில் குன்றின் அடிவாரத்தில் வலை இழுக்கிறவர்கள் ஒரு கட்சிக்காரராகக்கூட இல்லை. அவர்களுக்கென்று இருப்பது வேறொரு சட்டம். கடலின் உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டர் தூரத்துக்குக் கட்டிடம் கூடாது என்று 1981இல் பிரதமர் இந்திரா காந்தி முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். பத்தாண்டு கழித்து, 1991 பிப்ரவரியில், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. மீனவர்களின் பழைய தொழில் உரிமைகளை அது ஒப்புக்கொண்டது. கடற்கரையில் அடுத்தடுத்து ஓட்டல்கள் வந்தால் நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போகக் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு வழி விடவேண்டும் என்றும் சொன்னது. 1991க்கு முன்பே கட்டிடங்கள் நெருக்கியடித்து வளர்ந்துவிட்ட கோவளத்தில் அந்த 20 மீட்டரைத் தேடினேன். நான் கண்ட சந்துகள் பலவற்றில் இரண்டு ஆட்டோக்கள் ஒதுங்கிப் போவதே கஷ்டம்.

ராஜராஜன் வந்த துறை

இரண்டாம் நாள் காலை விழிஞத்துக்கு ஆட்டோ. கோவளத்துக்கு வரும் தமிழர்களில் பாதிப்பேர் இங்கே எட்டிப்பார்ப்பதில்லை. தமிழ் படித்தவர்கள் இதைத் தவறவிடுவது நியாயமல்ல. ஏனென்றால் இந்த ஊர் பெயர் நம் செப்பேடுகளில் இருக்கிறது.

ஆய் மன்னர்களின் கோநகரம் விழிஞம். எட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் இதைத் தாக்கி வென்றதைப் பாண்டியர் செப்பேடு பெருமையோடு பதிவு செய்கிறது. பிறகு ராஜராஜ சோழனின் படை வந்தது. கடலே அகழியாக அமைந்த ஊர் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதை வருணிக்கிறது. சோழர் ஆட்சியில் இதற்கு ராஜேந்திர சோழபட்டினம் என்று பெயர். நூறு ஆண்டு கழித்துக் குலோத்துங்கன் காலத்திலும் சண்டை ஓயவில்லை. கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் விழிஞத்தின் அழிவையும் சேர்த்தே பாடினார். மதுரையும் தஞ்சாவூரும் இந்தச் சின்ன ஊருக்கு ஏன் இப்படி அடித்துக்கொண்டன? கரையை ஒட்டியே ஆழம், முனை மறைவில் கப்பல் நிறுத்த இடம், மலையில் இருந்து இறங்கும் மிளகு. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் அண்மை ஆண்டுகளில் இங்கே அகழாய்வு செய்து, பழைய கோட்டைச் சுவரையும் மேற்காசியப் பானை ஓடுகளையும் கண்டெடுத்திருக்கிறார்கள்.

சரித்திரத்தில் இன்று கண்ணுக்குத் தெரிவது ஒரு பாறைக் குகை. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சின்னஞ்சிறு குடைவரை. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரின் இரு பக்கமும் சிவனின் உருவங்களைச் செதுக்க ஆரம்பித்த சிற்பி பாதியில் உளியை வைத்துவிட்டார். படை வந்ததா, பணம் தீர்ந்ததா, சொல்ல ஆளில்லை. தொல்லியல் துறையின் நீலப் பலகை, ஒரு மரம், நிழல். மகாபலிபுரத்தின் கூட்டத்தில் நசுங்கியவர்களுக்கு இந்த அமைதி பெரிய பரிசு.

குகையில் இருந்து இறங்கினால் மீன்பிடித் துறைமுகம். ஒருபக்கம் மசூதி, இன்னொருபக்கம் மாதா கோயில், நடுவே வரிசை வரிசையாகப் பைபர் படகுகள். ஆங்கில அகராதிக்குத் தமிழ் கொடுத்த சொல் கட்டுமரம். அந்த மரத்தை இப்போது தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. பேச்சு மலையாளம்தான். ஆனால் வலை, மடி, வள்ளம், துழவை என்று தொழிற்சொற்கள் காதில் விழும்போது, குமரி மாவட்டக் கரையில் நிற்பதுபோலவே இருக்கிறது. எல்லை 1956 நவம்பர் 1இல் போட்டது. கடலும் சொற்களும் அதற்கு முந்தியவை. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோதும் அது எல்லை பார்க்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை வீடுகளில் விழுந்த அதே இடி பூந்துறை, விழிஞம் வீடுகளிலும் விழுந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு முங்கிய ஊர்களுக்குப் போய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டவர்கள் இந்தக் கரைக்காரர்கள்.

கிரேன்களின் நிழல்

கோவளம் கலங்கரை விளக்கம் 1972இல் ஏற்றப்பட்டது. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட, 36 மீட்டர் உயரக் கோபுரம். மேலே நின்று வடக்கே பார்த்தால் தென்னைகளும் வளைந்த மணலும்: தபால் அட்டைக் கோவளம். தெற்கே திரும்பினால் மசூதி, மீன்பிடித் துறைமுகம், அதற்கப்பால் வானத்தை முட்டும் கிரேன்கள்: விழிஞம் சர்வதேசத் துறைமுகம்.

பாண்டியனும் சோழனும் கண்ட அதே காரணம்தான். கரைக்கு அருகிலேயே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைல் தூரத்தில். இந்தியாவின் கொள்கலன்கள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறிப் போவதைத் தடுக்கவேண்டும் என்ற கனவு பல ஆட்சிகள் கண்டது. 2015 ஆகஸ்டில் உம்மன் சாண்டி அரசு அதானி குழுமத்தோடு ஒப்பந்தம் போட்டது. டிசம்பரில் வேலை தொடங்கியது. கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் பாறைகளைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுந்தது. 2024 ஜூலையில் சான் பெர்னாண்டோ என்ற முதல் பெரிய கப்பல் வந்தது. 2025 மே 2இல் பிரதமர் மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்களில் ஒன்றான எம்.எஸ்.சி. ஐரினா இங்கே நின்றது.

பெருமைப்பட வேண்டிய சாதனைதான். கணக்கில் மறுபக்கமும் உண்டு. துறைமுகத்துக்காகத் தொழில் இழந்தோர் பட்டியலில் கரமடி இழுப்பவர்களும், பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களும், கூடவே அந்தக் கரையில் இருந்த ரிசார்ட்டுகளின் ஊழியர்களும் இடம்பெற்றார்கள், நஷ்டஈடு தரப்பட்டது. ஓட்டல் மேஜையில் பரிமாறப்படும் சிப்பி வறுவல் ருசியானது. அதை எடுத்துவரும் மூச்சு யாருடையது என்று மெனு கார்டில் இருக்காது.

2022 ஆகஸ்டில், திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் துறைமுக வாயிலில் அமர்ந்தார்கள். கட்டுமானத்தால் வடக்கே கரை அரிக்கிறது, வேலையை நிறுத்தி ஆய்வு செய்யுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. புயல்களும் பருவநிலை மாற்றமுமே காரணம் என்றன அரசும் நிறுவனமும். நவம்பரில் விழிஞம் காவல் நிலையம் தாக்கப்படும் அளவுக்கு நிலைமை முற்றியது. டிசம்பர் 6இல் போராட்டம் முடிவுக்கு வந்தது, வாதம் முடியவில்லை.

2025 மே மாதக் கடைசியில் கடலே ஒரு பாடம் நடத்தியது. விழிஞத்தில் இருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் நடுவழியில் சாய்ந்து மூழ்கியது. ஊழியர்கள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். சரக்கு காப்பாற்றப்படவில்லை. சில நாளில் திருவனந்தபுரம் கரைகளில் ஜவ்வரிசிபோல வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. சல்லடையும் துடைப்பமுமாகத் தொண்டர்கள் மணலைச் சலித்தார்கள். அந்த நாட்களில் குடைக்காரருக்கும் வலைக்காரருக்கும் ஒரே கவலை.

கடலுக்குப் போகும் வழி

கடைசி மாலையை நகரத்தின் சொந்தக் கடற்கரையான சங்குமுகத்துக்கு ஒதுக்கினேன். ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆராட்டுக்காகக் கடலுக்கு வரும் இடம் இது. பெருமாள் வரும் வழியின் குறுக்கே விமான நிலைய ஓடுபாதை இருக்கிறது. அதனால் என்ன? சில மணி நேரத்துக்கு விமானங்கள் நிறுத்தப்படும். உருவிய வாளோடு ராஜகுடும்பத் தலைவர் நடக்க, யானையும் மேளமும் பின்தொடர, ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து போகும். பழைய வழி பழைய வழிதான் என்று நவீன உலகம் ஒதுங்கி நிற்கும் அழகான காட்சி.

அந்த வழி போய்ச் சேரும் மணல் எங்கே என்பதுதான் இப்போது கேள்வி. பல ஆண்டுகளாகக் கடல் உள்ளே வந்து சங்குமுகம் சாலையையே பெயர்த்துப் போட்டது. சுவர் எழுப்பிச் சாலையை மீட்க வேண்டியதாயிற்று. பக்கத்து வலியதுறையில் 1956இல் கட்டிய கப்பல் பாலம் 2021 மே மாதக் கடல் சீற்றத்தில் வளைந்துபோனது. வீடிழந்த மீனவக் குடும்பங்கள் அங்கே சிமெண்ட் கிடங்குகளில், துணியும் தகரமும் கொண்டு தடுத்த அறைகளில், ஆண்டுக்கணக்கில் குடியிருந்தார்கள். அரசு முட்டத்தறையில் அடுக்குமாடி வீடுகள் கட்டிக் கொடுக்கிறது. கூரை கிடைக்கிறது. ஆனால் மாடிவீட்டில் வலையை எங்கே காயப்போடுவது? எழுந்ததும் கடலின் நிறத்தைப் பார்த்துத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்களுக்கு, கடல் தெரியாத வீடு பாதி வீடுதான்.

பெருமாளுக்கு விட்ட வழியை இவர்களுக்கும் விடவேண்டும் என்று கேட்பது பக்திக்குறைவாகாது.

கோவளத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போகவேண்டும். டிசம்பர், ஜனவரியில் கடல் சாதுவாக இருக்கும். ஒரு காலையை விழிஞம் குகைக்கும் மீன் ஏலத்துக்கும் கொடுங்கள். கலங்கரை விளக்கத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் பாருங்கள். கரமடிக்காரர்கள் வரும் நேரத்தில் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது பில்லைப் படித்துப் பார்த்தேன். கடல் தெரியும் அறை. தோட்டம் தெரியும் அறையைவிட வாடகை அதிகம். பார்த்த காட்சியை மனதுக்குள் எண்ணினேன்: கடல், மணல், விடியல், இரண்டு வரிசையாகக் கயிறு இழுத்த முப்பது பேர். அந்தக் கூடுதல் தொகையில் அவர்களுக்குப் பங்கில்லை. காட்சியில் மட்டும் பங்குண்டு.